எட்டுக்குப் பத்துக் காகிதம்

2023 நவம்பர் 9, வியாழக்கிழமை, காலை 11 மணி 20 நிமிடம். விடியற்காலையில் பிடித்த தூறல் நிற்கவில்லை. வெயில் எட்டிப் பார்க்கவில்லை. ஆரணியிலிருந்து முள்ளிப்பட்டு போகும் வழியில் நான் கட்டிய புது வீட்டின் பாத்ரூமுக்குள் என் மனைவி சரோஜா வீல்சேரை ஓட்டிக்கொண்டு போனாள். போனவளால் திரும்ப முடியவில்லை. இடப்பக்கம் திருப்பினால் கால் வைக்கும் பலகை சுவரில் இடித்தது. வலப்பக்கம் திருப்பினால் பின்சக்கரம் கமோடில் இடித்தது. முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய், மொத்தம் பதினான்கு முறை முயன்றாள். நான் கதவருகே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினைந்தாவது முறை அவள் முயலவில்லை. "இழுத்து வெளிய வுடுங்க" என்றாள்.

கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள் இருந்தது. டைல்ஸ் ஒட்டி, கமோடு மாட்டி, தண்ணீர் விட்டுப் பார்த்தாகிவிட்டது. அந்த வீட்டைக் கட்டியதே அவள் அந்த அறைக்குள் தானாகப் போய்த் தானாக வருவதற்காகத்தான்.

இதை எழுதுவது, இப்போது கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடும் பிள்ளைகள் படிப்பதற்காக. பாத்ரூமுக்கும் சேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கடைசிவரை படிக்கட்டும். பாதியில் நிறுத்துவது உங்கள் தலைமுறைக்குப் பழக்கம் என்பது எனக்குத் தெரியும்.

1. கிளி

நான் முப்பத்தெட்டு வருடம் கிராப் போட்டவன். பட்டுச் சேலையின் பார்டரிலும் முந்தானையிலும் வரும் பூ, கொடி, பறவை எல்லாவற்றையும் முதலில் கட்டம் போட்ட கிராப் காகிதத்தில் வரைய வேண்டும். குறுக்கே ஒரு கட்டம் என்றால் ஒரு பாவு இழை. நெடுக்கே ஒரு கட்டம் என்றால் ஒரு ஊடை இழை. அதைப் பார்த்து அட்டையில் துளை குத்துவார்கள். அந்த அட்டைதான் தறிமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் ஏறி இழையைத் தூக்கும். ஒரு கட்டம் தப்பினால் சேலை முழுக்கத் தப்பும்.

வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. பி.யூ.சி. படித்தவன் என்ற திமிர் இருந்தது. முதல் நாளே ஒரு கிளி வரையச் சொன்னார் முதலாளி. பள்ளிக்கூடத்துக் கிராப் நோட்டில் இருந்து ஒரு தாளைக் கிழித்து, குறுக்கே நாற்பது, நெடுக்கே நாற்பது என்று எண்ணி அழகான கிளி ஒன்று போட்டேன். மூன்று வாரம் கழித்துத் துணியாக வந்தபோது அதன் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் காணோம். அமுங்கிப்போய் உட்கார்ந்திருந்தது.

முதலாளி அதை என் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார். "இன்னாடா இது, கிளியா? முட்டை வுடற கோழி மாதிரி குந்திகினு கீது."

"எண்ணித்தாங்க போட்டேன்."

"கட்டத்தை எண்ணினே. காகிதத்தைப் பாத்தியா?"

விஷயம் இதுதான். எங்கள் சேலையில் ஒரு அங்குல அகலத்துக்குப் பாவு இழை எண்பது. ஒரு அங்குல நீளத்துக்கு ஊடை இழை நூறு. இரண்டும் சமம் இல்லை. ஆகவே சேலைக் காகிதத்தில் ஒரு அங்குலச் சதுரத்துக்குள் குறுக்கே எட்டுக் கட்டம், நெடுக்கே பத்துக் கட்டம் அடித்திருப்பார்கள். வெளிக்கட்டம் சதுரம். உள்ளே இருக்கும் சின்னக் கட்டம் சதுரம் இல்லை. அகலம் கூடுதல், உயரம் குறைச்சல். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. இதற்கு எட்டுக்குப் பத்துக் காகிதம் என்று பெயர். நான் பள்ளிக்கூடத்துச் சதுரக் கட்டத்தில் போட்டதால் கிளி கோழியாயிற்று.

அதற்குப் பிறகு நான் தப்பு செய்யவில்லை. மொத்தம் 412 டிசைன். முள்ளிப்பட்டிலிருந்து ஒரு தறிக்காரர் ஒருமுறை வந்து, "சார், முந்தானையில எட்டாவது கொடிகிட்ட இழை அந்துகினே இருக்குது. டிசைன்ல எதனா கீதான்னு பாத்து சொல்லுங்க" என்றார். நான் தாளை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. "நான் எண்ணிப் போட்டது. நீ தறியைப் பாரு" என்று அனுப்பிவிட்டேன். அப்படி ஒரு நம்பிக்கை இருந்தால்தான் இந்தத் தொழில் செய்ய முடியும் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

2. அறுபத்து நான்கு கேள்விகள்

சரோஜாவுக்குத் தண்டுவடத்தில் ஆபரேஷன் ஆனபிறகு இடுப்புக்குக் கீழே பலம் இல்லை. கைக்குப் பலம் உண்டு. வீல்சேரிலிருந்து கட்டிலுக்கும் கமோடுக்கும் தானே மாறிக்கொள்வாள். ஆனால் எங்கள் பழைய வீட்டில் நடை இரண்டடி நான்கு அங்குலம், வீல்சேர் நுழையாது. பாத்ரூம் இருக்கும் பின்கட்டுக்குப் போக மூன்று படி. நானும் வேலைக்கு வரும் பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவளைத் தூக்கிப் போவோம். நாளைக்கு ஆறு முறை. ஒவ்வொரு முறையும் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். இராத்திரி தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள்.

பெங்களூரில் இருக்கும் என் மகன், "மேஸ்திரிகிட்ட குடுக்காதீங்கப்பா, ஆர்க்கிடெக்ட் வெச்சு பண்ணுங்க" என்று வேலூரிலிருந்து ஒரு பெண்ணைப் பிடித்துக்கொடுத்தான். பெயர் நிவேதா. வயது முப்பத்து இரண்டு. கட்டட மதிப்பில் நூற்றுக்கு ஆறு ஃபீஸ். நான் நான்கு என்றேன். சிரித்தாள். சிரிப்பதற்கும் சேர்த்துத்தான் ஆறு போலிருக்கிறது.

முதலில் ஒரு கேள்வித்தாள் கொடுத்தாள். அறுபத்து நான்கு கேள்விகள். காலையில் காபியை எங்கே உட்கார்ந்து குடிப்பீர்கள்? மழை பெய்தால் எந்த ஜன்னலில் நிற்க ஆசை? உங்கள் வீடு ஒரு நிறம் என்றால் என்ன நிறம்? எழுபத்தொரு வயதில் இதற்கெல்லாம் பதில் எழுதினேன். சரோஜா அறுபத்து மூன்றை விட்டுவிட்டு ஒன்றுக்கு மட்டும் எழுதினாள். 'இந்த வீட்டில் உங்களுக்கு முக்கியமானது என்ன?' என்ற கேள்விக்கு எதிரே, 'யார் கையும் படாமல் நானே பாத்ரூம் போய் வர வேண்டும்.'

அந்தப் பெண் அதை மட்டும் இரண்டு முறை படித்தாள். மற்ற அறுபத்து மூன்றும் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த மாதம் கலர் படம் கொண்டு வந்தாள். வீடு நன்றாகத்தான் இருந்தது. மனையில் ஒரு வேப்பங்கன்று இருக்கிறது. படத்தில் ஏழு மரம். மாடிப்படியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த அம்மா யாரு?" என்று கேட்டாள் சரோஜா.

"சும்மா, ஸ்கேல் தெரியறதுக்காக ஆன்ட்டி."

"எங்க வீட்டுக்கு வாடகைக்கு வரலியே?"

ஹாலைப் பார்த்தால் 'ஸ்பேஸ் ஃப்ளோ ஆகணும்' என்பாள். முன்பக்கம் ஒரு ஜாலிச் சுவர், காற்று ஃப்ளோ ஆக. அதில் 216 துளை. நான் எண்ணினேன். "இதைத் தூசி தட்டறது யாரும்மா?" என்றேன். அதற்குப் பதில் ஃப்ளோ ஆகவில்லை.

3. என் படம்

சண்டை பாத்ரூமில்தான் வந்தது. அகலம் எட்டடி, ஆழம் எட்டரை அடி போட்டிருந்தாள். பக்கத்துச் சுவரை ஒட்டி என் அறை, ஒன்பதடி. எனக்கு அங்கே ஒன்பதடி நீளத்தில் ஒரு மேஜை வேண்டும்; 412 டிசைன் தாளையும் பிரித்து அடுக்க வேண்டும். மேஜையைச் சுவரோடு சுவராக இறுக்கிப் போட முடியாது. பத்தடி வேண்டும் என்றேன்.

"அப்போ பாத்ரூம் ஏழரை ஆயிடும் சார்."

"ஆகட்டும். எங்க பழைய சமையல்கட்டே அவ்ளோ இல்ல."

"ஏழரையா?" என்றாள் சரோஜா. "வேற நம்பரே கெடைக்கலியா உங்களுக்கு?"

நிவேதா பென்சிலால் கணக்குப் போட்டாள். "கமோடு ரெண்டேகால் அடி போயிடும். வீல்சேர் திரும்ப அஞ்சடி வட்டம் வேணும். ஏழரை இருந்தா சமாளிச்சுடலாம். ஆனா அதுக்குக் கீழ போகவே கூடாது சார்."

சரி என்று போனாள். அடுத்து வந்த படத்தில் ஆழம் ஏழரை இருந்தது. ஆனால் வாஷ்பேசினைக் கதவுக்கு நேரே வைத்திருந்தாள். கதவைத் திறந்ததும் வாஷ்பேசினா? மாற்றச் சொன்னேன். மாற்றி அனுப்பினதில் கதவு என் அறைப்பக்கம் வந்துவிட்டது. மூன்று முறை இப்படி. நான்காவது முறை எனக்குப் பொறுமை போயிற்று. கிராப் போட்டுப் பிழைத்தவனுக்கு ஒரு பாத்ரூம் போட வராதா என்று நானே உட்கார்ந்தேன்.

பீரோவில் நல்ல காகிதம் 190 தாள் மிச்சம் இருந்தது. ஒன்றை எடுத்தேன். குறுக்கே ஸ்கேலை வைத்து அளந்தேன்: ஒரு அங்குலத்துக்கு எட்டுக் கட்டம். கட்டத்துக்கு மூன்று அங்குலம் என்று வைத்தால் ஒரு அங்குலத்துக்கு இரண்டடி. பிரமாதமான கணக்கு. குறுக்கே முப்பத்திரண்டு கட்டம் எண்ணினேன், எட்டடி. நெடுக்கே முப்பது கட்டம் எண்ணினேன், ஏழரை அடி. கமோடு, கதவு, கைப்பிடி எல்லாம் அதனதன் இடத்தில். கீழே ஆர்க்கிடெக்ட்கள் போடுவதுபோல 'ஸ்கேல்: 1 அங்குலம் = 2 அடி' என்று அழகாக எழுதினேன். என் கைக்கு இன்னும் நடுக்கம் வரவில்லை என்று சரோஜாவிடம் காட்டினேன்.

நிவேதா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "லைன் எல்லாம் சூப்பரா இருக்கு சார். அளவு எழுதலையே?"

"ஸ்கேல் போட்டிருக்கேன் இல்ல? அளந்துக்கோ. அளக்கத் தெரியாதா?"

"தெரியும் சார்" என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டாள்.

4. ஒன்றரை அடி லாபம்

கட்டட வேலைக்குக் கலசப்பாக்கத்து மேஸ்திரி ஏழுமலை. நல்ல வேலைக்காரர், நாளைக்கு ஒன்பது டீ. நான் தினமும் காலை எட்டரைக்குப் போய் சிமென்ட் மூட்டை எண்ணுவேன், செங்கல் எண்ணுவேன். ஸ்விட்ச் பெட்டி நாற்பத்தேழு என்று படத்தில் இருந்தது, சுவரில் நாற்பத்தாறு. விடவில்லை. மூன்று நாள் தேடி, மாடிப்படிக்குக் கீழே பூசி மறைத்திருந்த நாற்பத்தேழாவதைக் கண்டுபிடித்தேன்.

பாத்ரூம் சுவர் இடுப்பளவு வந்தபோது ஏழுமலை உள்ளே நின்று சுற்றிப் பார்த்தார். "இன்னா சார், இது பேஜாரா கீதே. வண்டி போய் திரும்புமா?"

"சுவர் எழும்பினா எந்த ரூமும் சின்னதாத்தான் தெரியும். படத்துல இருக்கிறபடி கட்டுங்க."

"படத்துல இருக்கிறபடிதான் கட்டிகினு கீறேன். அதான் கேக்கறேன்."

நான் டேப்பை எடுத்துக்கொண்டு போகாமல் இல்லை. பக்கத்து அறைக்குப் போனேன். அது என் அறை. பத்தடி கேட்டிருந்தேன், பதினொன்றரை அடி இருந்தது. மறுபடி அளந்தேன். பதினொன்றரைதான். அந்தப் பெண் எங்கேயோ கணக்கில் கோட்டை விட்டிருக்கிறாள், அது நம் பக்கம் விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். சொன்னால் திருத்திவிடுவாள். சொல்லவில்லை. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, அன்று ஏழுமலைக்குப் பத்தாவது டீயை நானே வாங்கிக்கொடுத்தேன்.

அந்த ஒன்றரை அடி எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவில்லை. செங்கல் ஒன்று குறைந்தால் தூக்கம் வராதவன், அடி ஒன்றரை கூடியதற்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

5. மறுபடியும் நவம்பர் 9

சரோஜாவை வெளியே இழுத்துவிட்டு, டேப்பை எடுத்து பாத்ரூமை அளந்தேன். அகலம் எட்டடி. ஆழம் ஆறடி.

போனில் நிவேதாவைப் பிடித்து நான் பேசியதை இங்கே எழுத முடியாது. நூற்றுக்கு ஆறு வாங்கிக்கொண்டு ஒரு நோயாளியின் தலையில் கல்லைப் போட்டாய் என்பது அதில் மரியாதையான பகுதி. ஊருக்கெல்லாம் சொல்வேன் என்றேன். கோர்ட்டுக்குப் போவேன் என்றேன். அவள் "வரேன் சார்" என்று மட்டும் சொன்னாள். மாலை மூன்று பத்துக்கு வேலூரிலிருந்து காரில் வந்து இறங்கினாள். தலை நனைந்திருந்தது.

முதலில் படத்தை விரித்தாள். பாத்ரூம் நடுவே 8'-0" x 6'-0" என்று அச்சில் இருந்தது. கீழே என் கையெழுத்து. பதினெட்டுத் தாளிலும் போட்டிருக்கிறேன். மற்ற பதினேழையும் வரி வரியாகப் பார்த்துப் போட்டேன். இதை என் படம்தானே என்று பார்க்காமல் போட்டேன்.

பிறகு செல்போனைக் காட்டினாள். அவள் எனக்கு அனுப்பிய மெசேஜ் மொத்தம் ஐம்பத்தேழு. அதில் நாற்பத்தொன்றாவது: 'சார், உங்க ஸ்கெட்ச் அளந்து பார்த்தா பாத்ரூம் ஆழம் 6 அடிதான் வருது. வீல்சேர் திரும்பாது. கன்ஃபர்ம் பண்ணுங்க ப்ளீஸ்.' பாத்ரூமைப் பெரிதாக்க மறுபடி ஏதோ சொல்கிறாள் என்று முதல் வரியோடு விட்டுவிட்டேன். ஆனால் பதில் போட்டிருக்கிறேன். 'நான் எண்ணிப் போட்டது. மாற்ற வேண்டாம்.'

"நான் போட்டது ஏழரை" என்றேன். "உனக்கு அளக்கத் தெரியல."

"உங்க ஷீட் கொண்டுவந்திருக்கேன் சார்." என் தாளைப் பிரித்து ஜன்னல் கட்டையில் வைத்து, ஸ்டீல் ஸ்கேலை வைத்தாள். குறுக்கே நான்கு அங்குலம். "எட்டடி." நெடுக்கே மூன்று அங்குலம். "ஆறடி."

நான் ஸ்கேலைத் தள்ளிவிட்டு விரல் வைத்து எண்ணினேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு." முப்பது வரை எண்ணினேன். "முப்பது கட்டம். கட்டத்துக்கு மூணு அங்குலம். ஏழரை அடி."

அவள் குனிந்து, ஒரே ஒரு சின்னக் கட்டத்தைப் பென்சில் முனையால் தொட்டாள். "சார், இந்தக் கட்டம் சதுரமே இல்லையே."

நான் விரலைத் தாளிலிருந்து எடுத்தேன். தூறல் சத்தம் ஜாலிச் சுவரின் 216 துளை வழியாகவும் கேட்டது. ஏழுமலை பீடியைக் காதில் செருகிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

சரோஜா வீல்சேரை நகர்த்திக்கொண்டு வந்து தாளை எட்டிப் பார்த்தாள். கலியாணமான இந்த நாற்பத்தைந்து வருடத்தில் கிளிக் கதையை அவள் குறைந்தது நூறு முறை கேட்டிருப்பாள். "அந்தக் கோழி இங்கயும் வந்து குந்திகிச்சா?" என்றாள்.

நிவேதாவுக்கு விளங்கவில்லை. யாரும் விளக்கவில்லை.

"கிரகப்பிரவேசம் அன்னிக்கி திரை ஒண்ணு கட்டி மறைச்சுடலாம். அப்புறம் இடிச்சுக்கலாம்" என்றேன். பத்திரிகை முந்நூறு கொடுத்தாகிவிட்டது. சமையலுக்கு முன்பணம் போயிருந்தது.

"நாளைத் தள்ளிப் போடுங்க" என்றாள் சரோஜா. "பால் காய்ச்சறதுக்கு எனக்கு எதுக்கு வீடு?"

6. கற்றது

சுவரை இடித்தோம். கமோடு, குழாய், டைல்ஸ் எல்லாம் பெயர்த்து, சுவரை ஒன்றரை அடி தள்ளிக் கட்டினோம். என் அறை பத்தடிக்கு வந்தது. நான் முதலில் கேட்டது அதுதான். நிவேதா புதுப் படத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு பில் அனுப்பினாள். நான் பேரம் பேசாமல் கொடுத்த ஒரே பில் அது.

அவளைப் பற்றிய என் கருத்து பெரிதாக மாறவில்லை. ஜாலிச் சுவரில் தூசிதான் ஃப்ளோ ஆகிறது. ஹாலில் இரண்டாள் உயரத்துக்கு ஒரு விளக்கு தொங்குகிறது. பல்பு போனால் ஏணிக்கு ஆள் கூப்பிட வேண்டும். அறுபத்து மூன்று கேள்விகள் வீண் என்றே இப்போதும் சொல்வேன். ஆனால் வேண்டிய ஒரு கேள்வியை அவள் கேட்டாள். அதற்கு வந்த பதிலை மறக்கவும் இல்லை. நான் போட்ட 412 டிசைனில் ஒன்றைப் பற்றியாவது நெய்கிறவரை அப்படிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. எட்டாவது கொடியில் இழை அறுந்த அந்தத் தாளைப் போன மாதம் பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அந்த இடத்தில் இரண்டு இழை அடுத்தடுத்து இருபத்தாறு ஊடைக்குக் கட்டுப்படாமல் தொங்கும்படி போட்டிருக்கிறேன். அறுந்துதான் தீரும்.

டிசைன் போடும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது மூன்று. அளவை எண்ணால் எழுதுங்கள்; ஸ்கேலைப் போட்டுவிட்டு அளந்துகொள் என்று திமிராகப் பேசாதீர்கள். உங்களுக்கு லாபமாக விழும் தப்பை முதலில் தேடுங்கள். எண்ணத் தொடங்குவதற்கு முன் அது என்ன காகிதம் என்று பாருங்கள். கம்ப்யூட்டரிலும் அந்தக் கட்டத்துக்கு அகலம் ஒன்று, உயரம் ஒன்று என்று தனித்தனியாக இருக்கிறது.

2024 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை, குடி போனோம். அன்று காலை 7 மணி 5 நிமிடத்துக்குச் சரோஜா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே நின்றேன். "எண்ணிகினு நிக்காதீங்க, அப்பால போங்க" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. போனேன். எத்தனை நிமிடம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

நாள் தள்ளிப்போனதால் பழைய வீட்டில் அவளை 63 நாள், நாளைக்கு ஆறு வீதம், 378 முறை அதிகமாகத் தூக்கினோம். 378 முறையும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இடித்த கூலி, கட்டிய கூலி, டைல்ஸ், குழாய், இடிசல் அள்ளிய வண்டி, புதுப் படம், சமையலுக்குக் கொடுத்துத் திரும்பாத முன்பணம் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு ரூபாய் 1,37,460.